ஓவர்கிளாக் நிலைத்து நிற்க: ஜிடிஎல் ரெஃபரன்ஸ் வோல்டேஜை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

போன மே மாதம் உசிலம்பட்டியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வி-கோர் ஏத்திட்டேன், விடிடி ஏத்திட்டேன், நார்த்பிரிட்ஜுக்கும் ஏத்திட்டேன். இன்னும் பிரைம் அரை மணி நேரத்துல நிக்குது." ஓவர்கிளாக் என்றால் பிராசஸரை அதன் சொந்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. வி-கோர் பிராசஸரின் வோல்டேஜ். நார்த்பிரிட்ஜ் பிராசஸரை மெமரியோடு இணைக்கும் சிப், விடிடி அந்த இரண்டுக்கும் இடையிலான பாதையின் வோல்டேஜ். பிரைம் மெஷினைக் கசக்கிப் பிழை தேடும் சோதனை மென்பொருள். அந்தப் பாதையில் வரும் சிக்னலைப் படிக்க உதவும் ஜிடிஎல் அளவை எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அது ஆட்டோலதான் கெடக்கு. அதுல கை வைக்கப் பயமா இருக்கு மாமா."

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பயாஸில், அதாவது மெஷின் துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரு விளக்கமும் இருக்காது. ஒரு போர்டில் 0.63 மடங்கு என்றும், இன்னொன்றில் 0.760 வோல்ட் என்றும், வேறொன்றில் 0 முதல் 255 வரை வெறும் எண்ணாகவும் இருக்கும். ஆனால் அவன் மூன்று வாரமாக மற்ற எல்லா வோல்டேஜையும் ஏற்றி, மெஷினைச் சூடாக்கி, கடைசியில் தேவைப்பட்டது ஜிடிஎல் ரெஃபரன்ஸ் என்ற இந்த ஒரு கோட்டை 25 மில்லிவோல்ட் நகர்த்துவதுதான். அவனுக்குப் போனில் சொன்னதையும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்கார்ந்து செய்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த மெஷினுக்கு இது

எல்ஜிஏ775 சாக்கெட் உள்ள இன்டெல் போர்டுகளுக்கு. அதாவது பி35, எக்ஸ்38, பி45 போன்ற சிப்செட்டில் கோர் 2 டுவோ அல்லது கோர் 2 குவாட் ஓடும் மெஷின்கள். 2008 நவம்பரில் முதல் கோர் ஐ7 வந்தபோது மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. பிராசஸரையும் நார்த்பிரிட்ஜையும் இணைத்த எஃப்எஸ்பி என்ற பொதுப் பாதையும் அதோடு போயிற்று, அதனால் ஜிடிஎல் வேலையும் இல்லாமல் போயிற்று. பழைய மெஷின்தானே என்று தள்ளிவிட வேண்டாம். மதுரையைச் சுற்றி டிடிபி சென்டர்களிலும் சின்ன ஸ்டுடியோக்களிலும் இவை இன்னும் சோறு போடுகின்றன. ஒரு எஸ்எஸ்டி போட்டு, கியூ9550 என்ற குவாட் பிராசஸரை 3.6 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினால் கல்யாண ஆல்பம் வேலை தாராளமாக நடக்கும்.

அந்தக் கோடு என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் நகர்த்தினால் நாள்தான் வீணாகும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜிடிஎல் என்ற பெயரின் முதல் எழுத்து ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த வில்லியம் கன்னிங் என்பவரைக் குறிக்கிறது. இன்டெல் அதை மாற்றியமைத்து 1995-இல் வந்த பென்டியம் புரோவில் பயன்படுத்தியது. கோர் 2 வரை அதன் வாரிசுதான் ஓடியது. அமைப்பு எளிது. பிராசஸருக்கும் நார்த்பிரிட்ஜுக்கும் இடையில் ஓடும் ஒவ்வொரு கம்பியும் சும்மா இருக்கும்போது விடிடி என்ற வோல்டேஜில் மேலே நிற்கும். தகவல் அனுப்பும் சிப் அதைக் கீழே இழுக்கும், விட்டால் தானே மேலே ஏறிவிடும். எதிர்முனையில் இருக்கும் சிப், கம்பியில் உள்ள வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அந்தக் கோடுதான் ஜிடிஎல் ரெஃபரன்ஸ்.

வைகை அணைச் செய்தி படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. கோட்டைத் தாண்டியதா இல்லையா, அதுதான் கேள்வி. இப்போது அணையில் காற்றடித்து அலை எழும்புகிறது என்று வையுங்கள். நீர்மட்டம் 60-லோ 70-லோ இருந்தால் அலையால் குழப்பமில்லை. 66-ஐ ஒட்டி நின்றால் ஒவ்வொரு அலைக்கும் பதில் மாறும். கம்பியிலும் அலை உண்டு. கம்பியின் முனையில் மோதித் திரும்பி வரும் எதிரொலி, பக்கத்துக் கம்பியின் பாதிப்பு, பிராசஸர் திடீரென்று கரண்ட் இழுக்கும்போது வரும் நடுக்கம், எல்லாம் சேர்ந்துதான் வரும். அதனால்தான் இன்டெல் தன் தரவுத்தாளில், சிக்னல் கோட்டுக்கு மேலே 100 மில்லிவோல்ட்டாவது தள்ளி இருந்தால்தான் மேல்நிலை, கீழே 100 மில்லிவோல்ட்டாவது தள்ளி இருந்தால்தான் கீழ்நிலை என்று இடைவெளி கேட்கிறது.

கோடு ஏன் விடிடியின் சரிபாதியில் இல்லை என்று பலர் கேட்பார்கள். கீழே இழுக்கும்போது கம்பி பூஜ்யம் வரை இறங்குவதில்லை. மேலே இழுக்கும் மின்தடையும் கீழே இழுக்கும் டிரான்சிஸ்டரும் பங்கு போட்டுக்கொள்வதால், அது பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். ஆக நடுப்புள்ளி பாதிக்கு மேலே போகிறது. பிராசஸரைப் பொறுத்து விடிடியின் 0.63 மடங்கு முதல் 0.67 மடங்கு வரை அடிப்படை அளவு இருக்கும். போர்டில் இரண்டே மின்தடைகளை வைத்து இதை உண்டாக்கலாம். மேலே 57.6 ஓம், கீழே 100 ஓம் போட்டால் 0.6345 மடங்கு கிடைக்கும். ஓவர்கிளாக் போர்டு என்று விற்றவற்றில் இந்த அளவைப் பயாஸிலிருந்தே மாற்ற முடியும். நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. எஃப்எஸ்பியில் ஒரு கடிகாரத் துடிப்புக்கு நான்கு முறை தகவல் போகும். 333 மெகாஹெர்ட்ஸில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 750 பிகோசெகண்ட். 425-க்கு ஏற்றினால் 588 பிகோசெகண்ட்தான். அந்த நேரத்துக்குள் போர்டின் செம்புத் தடத்தில் சிக்னல் ஓடுவது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். சிக்னல் செங்குத்தாக ஏறி இறங்குவதில்லை, சரிவாகத்தான் ஏறும். சரிவை எந்த உயரத்தில் வெட்டுகிறோமோ அதற்கேற்ப வெட்டும் நேரமும் மாறும். கோடு கொஞ்சம் மேலே இருந்தால் மேல்நிலைக்கு நேரம் குறைந்து கீழ்நிலைக்குக் கூடும். கீழே இருந்தால் தலைகீழ். 750 பிகோசெகண்ட் இருக்கும்போது அந்தப் பிசகு தாங்கும், 588-இல் தாங்காது. வேகத்தைக் கூட்டக் கூட, கோட்டின் இடம் சரியாக இருக்க வேண்டியது கட்டாயமாகிறது. ஆட்டோவில் விட்டால் ஏன் 400 வரை ஓடி அதற்கு மேல் தொங்குகிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குவாட் பிராசஸருக்குத் தொல்லை அதிகம். கியூ6600, கியூ9550 இரண்டுமே ஒரு மூடிக்குள் இரண்டு இரட்டைக் கோர் சில்லுகளை வைத்தவை. அந்த இரண்டு சில்லும் ஒன்றோடொன்று பேசுவதற்கும் வெளியே போகும் எஃப்எஸ்பிதான் வழி. நார்த்பிரிட்ஜையும் சேர்த்தால் ஒரே பாதையில் மூன்று பேர். இரட்டைக் கோர் ஈ8400 அலட்சியமாக 450 தாண்டுகிற அதே போர்டில் குவாட் 420-இல் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். குவாடுக்கு நல்ல போர்டுகளில் 0/2 என்றும் 1/3 என்றும் இரண்டு ஜிடிஎல் அமைப்புகள் தனித்தனியாக இருக்கும். நார்த்பிரிட்ஜுக்கு இன்னொன்று.

கை வைக்கும் முன்

முதலில் உங்கள் டேட்டா உள்ள ஹார்ட் டிஸ்கின் கேபிளைக் கழற்றுங்கள். இதை முதலில் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. எஃப்எஸ்பி நிலையில்லாமல் இருந்தால் பிழை கணக்கில் மட்டும் வராது, டிஸ்கில் எழுதும் தகவலிலும் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டுக் காதுகுத்துப் படங்கள் முழுவதும் இருந்த டிஸ்கோடு நான் சோதித்தேன். மூன்றாம் நாள் ஃபோல்டர்கள் திறக்கவில்லை. பாதியைத்தான் மீட்க முடிந்தது. இப்போது லினக்ஸ் போட்ட பென்டிரைவில் பூட் செய்து, பிரைம்95-இன் லினக்ஸ் வடிவமான எம்பிரைமை அதிலேயே ஓட்டுகிறேன். என்ன தொங்கினாலும் போவது ஒரு பென்டிரைவ்தான்.

அடுத்தது மின்சாரம். எர்த்திங் சரியாக இருக்கிறதா பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்றால் அந்த வீட்டில் ஓவர்கிளாக் வேலையைத் தொடங்கவே வேண்டாம், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுற்றுக் கிராமங்களில் சாயங்காலம் பம்புசெட்டெல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். யுபிஎஸ் இருந்தால் அதன் வழியாக ஓட்டுங்கள். இல்லாவிட்டால், சோதனை நின்றதும் டியூப்லைட் மினுக்கியதா என்றாவது கவனியுங்கள். கரண்ட் தடுமாறி நின்றதை ஜிடிஎல் மேல் பழி போட்டு ஒரு வாரத்தை இழக்கலாம்.

பிராசஸர் ஹீட்சிங்கைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிது போடுங்கள். பதினைந்து வருடப் பேஸ்ட் சுண்ணாம்புபோல் ஆகியிருக்கும். நார்த்பிரிட்ஜ் ஹீட்சிங்குக்கும் அதே. பலர் இதை விட்டுவிடுவார்கள், ஆனால் எஃப்எஸ்பியை ஏற்றும்போது வேலை கூடுவது அதற்குத்தான். ஒரு சின்ன ஃபேனை அதன் மேல் காற்றடிக்கும்படி வைப்பது நல்லது.

பயாஸ் அமைப்புகளை அழித்து இயல்பு நிலைக்குத் திருப்பும் சிமாஸ் கிளியர் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தேவைப்படும். கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. அது இல்லாமல் இந்த வேலை நடக்காது.

முதல் படி: மற்ற சந்தேகங்களை ஒழிப்பது

பயாஸில் இவற்றைக் கையால் அமையுங்கள். ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை அணையுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 100 மெகாஹெர்ட்ஸ். மின்சேமிப்பு வசதிகளைச் சோதனை முடியும்வரை அணைத்து வையுங்கள். வி-கோர், விடிடி, பிஎல்எல் (பிராசஸரின் கடிகாரச் சுற்றுக்கான வோல்டேஜ்), நார்த்பிரிட்ஜ், மெமரி என்று எதையும் ஆட்டோவில் விடாதீர்கள். ஆட்டோ என்றால் எஃப்எஸ்பியை நீங்கள் ஏற்றும்போது போர்டு தன் விருப்பத்துக்கு வோல்டேஜை ஏற்றும். நீங்கள் ஒன்றை மாற்றியதாக நினைப்பீர்கள், அங்கே நான்கு மாறியிருக்கும்.

பிறகு மெமரியைத் தனியாகப் பாருங்கள். எஃப்எஸ்பியும் மெமரியும் 1:1 விகிதம். 425 மெகாஹெர்ட்ஸ் இலக்கு என்றால் மெமரி டிடிஆர்2-850 ஆகும். 800 குச்சி என்றால் டைமிங்கைத் தளர்த்துங்கள், 1066 குச்சி என்றால் கவலையில்லை. மெம்டெஸ்ட்86+ நான்கு சுற்று பிழையில்லாமல் போக வேண்டும்.

அப்புறம்தான் நான் மிகவும் நம்பும் வேலை. எஃப்எஸ்பியைப் போல எத்தனை மடங்கு வேகத்தில் பிராசஸர் ஓட வேண்டும் என்பதைச் சொல்லும் மல்டிபிளையரைக் குறையுங்கள். கியூ9550-இன் சாதாரண மல்டிபிளையர் 8.5, குறைந்தபட்சம் 6. எஃப்எஸ்பியை 425-இல் வைத்து மல்டிபிளையரை 6 ஆக்கினால் பிராசஸர் 2,550 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். அதன் சொந்த வேகமான 2,833-ஐ விடக் குறைவு. இப்போது பிழை வந்தால் கோர்கள்மேல் குற்றமில்லை. மெமரியையும் சோதித்தாயிற்று. மிச்சம் இருப்பது எஃப்எஸ்பி பாதைதான். இந்த ஒரு படி அக்கா மகனின் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும். அவன் வி-கோரை ஏற்றிக்கொண்டே போனது சம்பந்தமில்லாத இடத்துக்கு மருந்து போட்ட மாதிரி.

பிரைமில் எந்தச் சோதனை நிற்கிறது என்பதும் துப்பு கொடுக்கும். ஸ்மால் எஃப்எஃப்டி பெரும்பாலும் பிராசஸரின் கேஷுக்குள்ளேயே சுற்றும், எஃப்எஸ்பியை அதிகம் தொடாது. அது தோற்றால் வி-கோர் அல்லது சூடு. ஸ்மால் மணிக்கணக்கில் ஓடி, மெமரியையும் சேர்த்துச் சோதிக்கும் பிளெண்ட் மட்டும் தோற்றால் சந்தேகம் பாதையில். ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குள் இருந்திருக்க வேண்டும் என்ற பிழையோடு ஒரு வொர்க்கர் (கோருக்கு ஒன்றாக ஓடும் சோதனை) நிற்கும். எந்த வொர்க்கர் என்று நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் 3 அல்லது 4-ஆகவே இருந்தால், இரண்டாவது சில்லின் பக்கம் கோடு சரியில்லை என்று பொருள் கொள்ளலாம்.

இரண்டாம் படி: விடிடியை நிறுத்துவது

ஜிடிஎல் என்பது விடிடியின் பங்கு. ஆகவே விடிடி அசைந்தால் ஜிடிஎல்லும் அசையும். முதலில் விடிடியை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் கோட்டைத் தொட வேண்டும்.

விடிடியைக் கூட்டினால் சிக்னலின் வீச்சு கூடும், இடைவெளி கொஞ்சம் கிடைக்கும். அதனால் எல்லோரும் முதலில் அதைத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் வீச்சோடு எதிரொலியும் கூடும், சூடும் கூடும். 45 நானோமீட்டர் பிராசஸர்களில் அளவுக்கு மீறிய விடிடி ஆபத்தானது. 65 நானோமீட்டர் கியூ6600-க்கு 1.40 வோல்ட், 45 நானோமீட்டருக்கு 1.30 என்று எனக்கு நானே எல்லை வைத்திருக்கிறேன். தினசரி மெஷினுக்கு அதைத் தாண்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 425 வரை 1.20-இலிருந்து 1.26-க்குள் நிறுத்தப் பாருங்கள். எங்கள் மெஷினில் 1.24. பிஎல்எல்லை அதன் இயல்பான 1.50-இலேயே விட்டோம்.

மூன்றாம் படி: கோட்டின் இரண்டு விளிம்புகள்

எல்லாருக்கும் பொருந்தும் எண்ணைத் தேடாதீர்கள். இன்னொருவர் 0.67-இல் நிலையாக ஓடியது என்றால் அது அவர் போர்டின், அவர் பிராசஸரின் எண். உங்களுக்கு வேண்டியது உங்கள் மெஷினில் கோடு எவ்வளவு கீழே போனால் தோற்கிறது, எவ்வளவு மேலே போனால் தோற்கிறது என்ற இரண்டு இடங்கள். பிறகு அவற்றின் நடுவே உட்கார வேண்டும். ஒரு மதிப்பில் இரவு முழுக்க ஓடியது என்பதால் அது நல்ல இடம் என்று சொல்ல முடியாது. விளிம்பிலிருந்து 5 மில்லிவோல்ட் தள்ளி நின்றாலும் டிசம்பரில் ஓடும். சித்திரைத் திருவிழா வரும்போது தொங்கும்.

முதலில் உங்கள் பயாஸ் எந்த மொழியில் பேசுகிறது என்று பாருங்கள். மடங்காகக் கொடுத்தால் விடிடியால் பெருக்குங்கள். 1.24 வோல்ட்டில் 0.61 மடங்கு 756 மில்லிவோல்ட், 0.63 மடங்கு 781, 0.65 மடங்கு 806, 0.67 மடங்கு 831. ஒரு படிக்கு 25 மில்லிவோல்ட் தாவுகிறது என்பதைக் கவனியுங்கள். கூட்டல் கழித்தலாகக் கொடுத்தால் அடிப்படை அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நேரடி வோல்ட்டாகக் கொடுக்கும் போர்டில் ஒரு எச்சரிக்கை. சில போர்டுகளில் விடிடியை மாற்றினால் அந்த எண் தானே கூட மாறும், சிலவற்றில் அப்படியே நிற்கும். நின்றால் மடங்கு மாறிவிட்டது என்று அர்த்தம். நோட்டில் எப்போதும் மில்லிவோல்ட்டாக எழுதினால் குழப்பம் வராது. வோல்டேஜ் அளக்கத் தனிப் புள்ளிகள் உள்ள போர்டு என்றால் மல்டிமீட்டரால் சரிபாருங்கள். புள்ளிகள் இல்லாத போர்டில் சாக்கெட் பக்கம் ஊசியை நீட்ட வேண்டாம். கை நழுவினால் ஷார்ட்.

இப்போது ஓட்டம். மல்டிபிளையர் 6, எஃப்எஸ்பி 425, பிரைம் பிளெண்ட். 0/2, 1/3 இரண்டையும் ஒரே அளவில் சேர்த்தே நகர்த்துங்கள். நார்த்பிரிட்ஜ் ஜிடிஎல்லைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மதிப்புக்கும் இரண்டு மணி நேரம். அதற்குள் நின்றால் எத்தனையாவது நிமிடம், எந்த வொர்க்கர் என்று எழுதுங்கள்.

உசிலம்பட்டி மெஷினின் நோட்டுப் பக்கம் இது. அடிப்படை 0.635 மடங்கு, அதாவது 787 மில்லிவோல்ட். அங்கே மூன்றாவது வொர்க்கர் 38-ஆவது நிமிடத்தில் நின்றது. 10 மில்லிவோல்ட் இறக்கினோம், 11-ஆவது நிமிடத்திலேயே நின்றது. இதுவே பெரிய செய்தி. இறக்கினால் சீக்கிரம் சாகிறது, ஆக வழி மேலே. அடிப்படைக்கு மேலே 10 வைத்தோம், இரண்டு மணி நேரம் ஓடியது. 20, 30, 40 மூன்றும் ஓடின. 50-இல் முதல் வொர்க்கர் 52-ஆவது நிமிடத்தில் நின்றது. 60-இல் திரையே வரவில்லை, சிமாஸைக் கிளியர் செய்து திரும்பி வந்தோம்.

10-லிருந்து 40 வரை நல்ல நிலம். நடுவே 25. அந்த போர்டு 5 மில்லிவோல்ட் படி கொடுத்தது, அதனால் சரியாக 25-இல் வைத்தோம். 812 மில்லிவோல்ட், விடிடியில் 0.655 மடங்கு. 10-இல் ஓடியபோதே அவன் கையைத் தட்டி "போதும் மாமா" என்றான். அங்கேயே விட்டிருந்தால் விளிம்பில் விட்டிருப்போம்.

தோல்விகளை வீண் என்று நினைக்காதீர்கள். எத்தனை நிமிடத்தில் தோற்றது என்பதுதான் திசைகாட்டி. ஒரு மாற்றத்துக்குப் பிறகு 38 நிமிடம் 70 ஆனால் சரியான பக்கம் போகிறீர்கள். ஆனால் ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அதே மதிப்பில் இரண்டு முறை ஓட்டினால் நிமிடக் கணக்கு கொஞ்சம் மாறத்தான் செய்யும். சந்தேகமிருந்தால் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

நல்ல நிலமே கிடைக்கவில்லை, எங்கே வைத்தாலும் தோற்கிறது என்றால் மூன்று வழி. நார்த்பிரிட்ஜ் வோல்டேஜை ஒரு படி கூட்டுங்கள். விடிடியை 20 மில்லிவோல்ட் கூட்டி, கோட்டை முதலிலிருந்து தேடுங்கள். இரண்டும் பலிக்கவில்லையென்றால் எஃப்எஸ்பியை 10 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். 425-க்கும் 415-க்கும் வேலையில் வித்தியாசம் தெரியாது. நிலையாக ஓடுவதும் ஓடாததும் நன்றாகத் தெரியும்.

நான்காம் படி: இணைகளைப் பிரிப்பது

பெரும்பாலான மெஷின்களுக்கு மேலே செய்ததே போதும். நல்ல நிலம் 20 மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகக் குறுகியிருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். நடுவில் வைத்த மதிப்பில் 1/3-ஐ நிறுத்தி, 0/2-ஐ மட்டும் மேலும் கீழும் 10 மில்லிவோல்ட் நகர்த்தி விளிம்புகளைத் தேடுங்கள். நடுவில் வையுங்கள். பிறகு 0/2-ஐ நிறுத்தி 1/3-க்கு அதையே செய்யுங்கள். இரண்டின் நடுவும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. சில மெஷின்களில் 10, 15 மில்லிவோல்ட் தள்ளித்தான் இருக்கும். எந்த இணை எதற்கு என்று போர்டு சொல்லும் பெயரை நம்பி உட்காராமல், நகர்த்தும்போது எந்த வொர்க்கர் தோற்பது மாறுகிறது என்று பாருங்கள்.

நார்த்பிரிட்ஜ் ஜிடிஎல் அதற்கும் பிறகு. அது பிராசஸர் அனுப்புவதை நார்த்பிரிட்ஜ் படிக்கும் கோடு. தேடும் முறை அதேதான். என் அனுபவத்தில் இதன் நிலம் அகலமாக இருக்கும், இயல்பான அளவே நடுவுக்குப் பக்கத்தில் விழும். கிளாக் ஸ்கியூ என்று பிகோசெகண்ட் கணக்கில் ஒரு அமைப்பும் இருக்கும். 450-க்கு மேல் போகிறவர்களுக்கு அது உதவும், மற்றவர்கள் தொட வேண்டாம்.

ஐந்தாம் படி: முழு வேகம்

மல்டிபிளையரை 8.5-க்குத் திருப்புங்கள். 425-ஐ 8.5-ஆல் பெருக்கினால் 3,612 மெகாஹெர்ட்ஸ். இப்போது வி-கோரைத் தேட வேண்டும். ஸ்மால் எஃப்எஃப்டி ஓட்டி, தோற்றால் ஒரு படி கூட்டுங்கள். 45 நானோமீட்டருக்கு இன்டெல் வைத்திருக்கும் விஐடி (பிராசஸர் போர்டிடம் கேட்கும் வோல்டேஜ்) உச்சம் 1.3625 வோல்ட். அதற்குள் முடிந்தால் நிம்மதி. சுமை வரும்போது வி-கோர் இறங்கும், அதனால் பயாஸில் வைத்த எண்ணை நம்பாமல் சுமையில் சிபியு-இசட் அல்லது சென்சார் காட்டுவதைப் பாருங்கள்.

ஸ்மால் நிலையானதும் பிளெண்டுக்கு வாருங்கள். முழு வேகத்தில் பிராசஸர் இழுக்கும் கரண்ட் கூடுவதால் பாதையில் நடுக்கமும் கூடும், நல்ல நிலம் கொஞ்சம் சுருங்கும். அதனால் நடுவில் வைத்த மதிப்புக்கு இரண்டு பக்கமும் 10 மில்லிவோல்ட் தள்ளி ஒவ்வொரு முறை ஓட்டிப் பாருங்கள். மூன்றும் ஓடினால் கோடு பத்திரமான இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தோற்றால் எதிர்ப்பக்கம் 5 நகர்த்துங்கள். பிறகு எட்டு மணி நேர பிளெண்ட், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஆறாம் படி: மதுரை வெயில்

இரவில் பாஸானதை இன்னும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாடி அறையில் மார்கழி இரவு 24 டிகிரி இருக்கும், சித்திரை மத்தியானம் 38, 39 தொடும். அறை 15 டிகிரி ஏறினால் கோர்களும் நார்த்பிரிட்ஜும் ஏறத்தாழ அதே 15 ஏறும். சூட்டில் டிரான்சிஸ்டர் மெதுவாகும், சிக்னலின் சரிவு மாறும், நல்ல நிலம் நகரும். அதனால் என் கடைசிச் சோதனை எப்போதும் மத்தியானம் ஒரு மணிக்கு, ஏசி இல்லாமல், கேபினெட் மூடி போட்டு. கோர் 80 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தாண்டினால் வி-கோரையும் வேகத்தையும் கொஞ்சம் இறக்குங்கள், ஜிடிஎல்லால் சூட்டைச் சமாளிக்க முடியாது.

குளிர்காலத்தில் இதைச் செய்கிறவர்கள், வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கேபினெட்டின் காற்றுப் போகும் ஃபேனை அணைத்துவிட்டு, வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினால் மே மாதத்தின் நிலை தெரிந்துவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

உசிலம்பட்டி மெஷின் மே மாத மத்தியானத்தில் மூன்று மணி நேரம் ஓடியது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆண்டுவிழா ஆல்பத்தை அன்று சாயங்காலமே அதில் செய்து முடித்தான்.

எல்லாம் ஆனதும் அணைத்து வைத்த மின்சேமிப்பு வசதிகளைத் திரும்பப் போடுங்கள், ஒரு முறை பிளெண்ட் ஓட்டுங்கள், அப்புறம் ஹார்ட் டிஸ்கை மாட்டுங்கள். எஃப்எஸ்பி, மல்டிபிளையர், வி-கோர், விடிடி, பிஎல்எல், நார்த்பிரிட்ஜ், மெமரி, 0/2, 1/3, நார்த்பிரிட்ஜ் ஜிடிஎல், அத்தோடு நல்ல நிலத்தின் இரண்டு விளிம்புகள், எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதித் தேதி போட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டில் உட்புறமாக ஒட்டிவிடுங்கள். போர்டில் இருக்கும் அந்த வட்ட பேட்டரி என்றாவது ஒரு நாள் தீரும், பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். அன்றைக்கு அந்தச் சீட்டைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் மெஷினைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.